கால் விறைக்கிறது, வெட்டி இழுக்கிறது: எம்எஸ் உள்ளவர்களும் வீட்டாரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நரம்புக் கோளாறு உள்ளவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஃபிசியோதெரபிஸ்ட் நான். மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ், அதாவது எம்எஸ், உள்ளவர்களும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களும் தசை விறைப்பைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். மருந்தின் பெயரும் அளவும் சொல்லியிருப்பது, டாக்டர் சொல்வதைப் புரிந்துகொள்ளவும் அவரிடம் சரியான கேள்வியைக் கேட்கவும்தான். இதைப் பார்த்து யாரும் தாமாக மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

இது சாதாரண தசைப்பிடிப்பு மாதிரிதானா?

இல்லை. ஓடி ஆடி வேலை செய்துவிட்டு ராத்திரி கெண்டைக்கால் சுருட்டிப் பிடிப்பது வேறு. எம்எஸ்ஸில் கோளாறு தசையில் இல்லை, மூளையிலும் தண்டுவடத்திலும் இருக்கிறது. ஒரு தசையை இழுத்தால் அது திருப்பிச் சுருங்கும், இது எல்லோருக்கும் உள்ள அனிச்சைச் செயல். முழங்காலுக்குக் கீழே டாக்டர் சுத்தியலால் தட்டினால் கால் உதறுகிறதே, அதுதான். இந்தச் சுருக்கம் அளவுக்கு மீறிப் போகாமல் மூளையிலிருந்து இறங்கும் நரம்புகள் பிடித்து வைத்திருக்கின்றன. அந்த நரம்புகளின் மேலுள்ள மையலின் உறையை எம்எஸ் அரித்துவிட்டால் பிடி தளர்கிறது, தசை மூக்கணாங்கயிறு அறுந்த காளையாகிவிடுகிறது. லேசாக இழுத்தாலும் பலமாகச் சுருங்கும்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. எவ்வளவு வேகமாக இழுக்கிறோமோ அவ்வளவு பலமாகத் தசை எதிர்க்கும். ஆஸ்திரேலிய நரம்பியல் மருத்துவர் ஜேம்ஸ் லான்ஸ் 1980-இல் இந்த விறைப்புக்கு, மருத்துவப் பெயரில் ஸ்பாஸ்டிசிட்டிக்கு, கொடுத்த வரையறையே இந்த வேகத்தை வைத்துத்தான். வீட்டில் இதை நீங்களே பார்க்கலாம்: மடங்கிய முழங்காலைச் சட்டென்று நீட்டப் பார்த்தால் பாதியில் தட்டி நிற்கும், அதே காலை மெதுவாக, மூச்சு விட்டுவிட்டு நீட்டினால் விட்டுக்கொடுத்துக்கொண்டே வரும். எவ்வளவு மெதுவாக நீட்டினாலும் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நின்றால் தசையும் தசைநாரும் நிரந்தரமாகக் குறுகத் தொடங்கியிருக்கலாம். அதற்குப் பெயர் கான்ட்ராக்சர், மாத்திரைக்கு அது கரையாது. அந்த நிலைக்குப் போகவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் பாதி வேலை.

எம்எஸ் வந்த எல்லோருக்கும் இது வருமா?

எல்லோருக்கும் இல்லை, ஆனால் பெரும்பாலானவர்களுக்கு ஏதோ ஓர் அளவில் இருக்கும். அமெரிக்காவில் எம்எஸ் பதிவேடு ஒன்றில் இருந்த 20,000-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு 2004-இல் வெளியிட்ட கணக்கில் 84 சதவீதம் பேர் விறைப்பு உண்டு என்றார்கள். அன்றாட வேலையைக் கெடுக்கும் அளவுக்கு இருந்தது மொத்தப் பேரில் மூன்றில் ஒரு பங்கினருக்கு. கையைவிடக் காலில்தான் அதிகம்.

போன வாரம் வரை நன்றாக இருந்தார், இந்த வாரம் கால் கட்டையாகிவிட்டது. மாத்திரையைக் கூட்டலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறதென்றால் இதைப் படியுங்கள்.

விறைப்பு திடீரென்று கூடினால் முதலில் கேட்க வேண்டியது, "எது தூண்டுகிறது?" என்பது. இடுப்புக்குக் கீழே உடம்புக்குப் பிடிக்காத எது நடந்தாலும், அதை மனிதர் உணராவிட்டாலும், தண்டுவடம் உணர்ந்து காலை இறுக்கும். முதல் சந்தேகம் எப்போதும் சிறுநீர்த் தொற்று. எம்எஸ் உள்ளவர்களில் பலருக்குச் சிறுநீர்ப்பை முழுசாகக் காலியாவதில்லை, அதனால் தொற்று அடிக்கடி வரும். எரிச்சல் தெரியாது, காய்ச்சல்கூட இருக்காது, கால் மட்டும் விறைக்கும். சிறுநீர் கலங்கலாக, நாற்றமாக இருக்கிறதா என்று பாருங்கள், பரிசோதனைக்குக் கொடுங்கள். கதீட்டர் போட்டிருந்தால் டியூப் எங்காவது மடங்கியோ அடைத்தோ இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து மலச்சிக்கல். "கடைசியாக எப்போது போனார்?" என்று கேட்டால் பல வீடுகளில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

அப்புறம் தோல். புட்டம், இடுப்பு எலும்பு, குதிகால், கணுக்கால் எல்லாம் வெளிச்சத்தில் பாருங்கள், படுக்கைப்புண் முதலில் சிவப்புத் திட்டாக மட்டுமே தெரியும், கருத்த தோலில் அதுவும் தெரியாது, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். சாக்ஸைக் கழற்றிக் கால் விரல்களைப் பாருங்கள். கட்டைவிரல் நகம் சதைக்குள் வளர்ந்து ஓரத்தில் சீழ் வைத்திருக்கும், மரத்த கால் என்பதால் அவருக்கு வலியே தெரிந்திருக்காது, ஆனால் அந்த ஒரு நகம் முழுக் காலையும் இரவெல்லாம் வெட்டி இழுக்க வைக்கும். நகத்தைச் சரிசெய்ததும் கால் பழைய நிலைக்குத் திரும்புவதைப் பார்த்தால் வீட்டார் நம்ப மாட்டார்கள். இறுக்கமான செருப்பு வார், பேண்ட்டின் மடிப்பு, உட்காரும் இடத்தில் பர்ஸ், இப்படி அற்பமாகத் தோன்றும் எதுவும் காரணமாகலாம்.

காய்ச்சல், மாதவிடாய் நாட்கள், தூக்கமின்மை, மன உளைச்சல், கடுங்குளிர், கடும் வெயில் இவையும் பட்டியலில் உண்டு. எம்எஸ்ஸுக்குப் போடும் பீட்டா இன்டர்ஃபெரான் ஊசியும் சிலருக்கு விறைப்பைக் கூட்டும். புதிதாக ஊசி தொடங்கிய பிறகு இது கூடியிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இத்தனையும் பார்க்காமல் மாத்திரையைக் கூட்டினால் தொற்று உள்ளே வளரும், ஆள் தூங்கி வழிவார், விறைப்பு அப்படியே இருக்கும்.

அப்படியென்றால் இது ரிலாப்ஸ், அதாவது எம்எஸ்ஸின் புதிய தாக்குதல், இல்லையா?

இருக்கலாம். புதிய அறிகுறி ஒன்று வந்து, 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்து, காய்ச்சலோ தொற்றோ இல்லையென்றால் ரிலாப்ஸ் என்று யோசிப்பார்கள். தொற்றாலோ சூட்டாலோ பழைய அறிகுறி தலைதூக்குவது போலி ரிலாப்ஸ். இரண்டையும் பிரிப்பது நியூராலஜிஸ்ட் வேலை. ஸ்டீராய்டு ஏற்றுவதற்கு முன்பு சிறுநீரைப் பரிசோதிக்கச் சொன்னால் "எதற்கு வெட்டிச் செலவு" என்று நினைக்காதீர்கள்.

விறைப்பை ஒரேயடியாக எடுத்துவிட முடியாதா?

எடுக்க முடிந்தாலும் பல பேருக்கு எடுக்கக் கூடாது. கால் பலவீனமாக இருப்பவர் எழுந்து நிற்பதே சில சமயம் அந்த விறைப்பின் தயவில்தான். தொடையின் முன்தசை இறுகி முழங்காலைப் பூட்டி வைத்திருக்கும், அதன் மேல் உடம்பைச் சாய்த்து அவர் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவார். மருந்து கொடுத்து அந்த இறுக்கத்தை இளக்கிவிட்டால் கால் துணிபோல் மடங்கும், ஆள் விழுவார். "மாத்திரை போட்டதிலிருந்து நடை மோசமாகிவிட்டது" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை.

அதனால் "எவ்வளவு விறைப்பு?" என்பதோடு "விறைப்பால் எந்த வேலை கெடுகிறது?" என்றும் கேட்க வேண்டும். தூக்கம் கெடுகிறதா? தொடை இரண்டும் ஒட்டிக்கொள்வதால் சுத்தம் செய்ய முடியவில்லையா? நடக்கும்போது முன்கால் தரையில் தட்டுகிறதா? வலிக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. எந்த வேலையும் கெடவில்லை, லேசாக இறுக்கம் மட்டும் இருக்கிறதென்றால் பயிற்சியோடு விட்டுவிடலாம் என்பதுதான் என் கட்சி.

ஸ்ட்ரெச்சிங் எப்படிச் செய்வது? ஃபிசியோ காட்டினார், வீட்டுக்கு வந்ததும் மறந்துவிட்டது.

கெண்டைக்காலை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் தப்பாகச் செய்வது அதைத்தான். அவரை மல்லாக்கப் படுக்க வையுங்கள், முழங்கால் நேராக இருக்கட்டும். உங்கள் உள்ளங்கையில் அவர் குதிகாலை முழுசாக ஏந்திக்கொள்ளுங்கள், விரல்கள் குதிகாலைச் சுற்றிப் பிடிக்கட்டும். உங்கள் முன்கை அவர் உள்ளங்காலோடு ஒட்டிப் படியட்டும். இப்போது குதிகாலை உங்கள் பக்கம் இழுத்துக்கொண்டே முன்கையால் பாதத்தை அவர் முகத்தை நோக்கிச் சாயுங்கள். வேலை செய்வது உங்கள் உடம்பின் எடைதான், கைப்பலம் தேவையில்லை. விரல் நுனியைப் பிடித்து மடக்கக் கூடாது. அப்படிச் செய்தால் பாதத்தின் நடுவளைவுதான் வளையும், கெண்டைத்தசை நீளாது, போதாக்குறைக்கு முன்பாதத்தை அழுத்தியதும் கால் துடிக்கத் தொடங்கும்.

இறுக்கம் தட்டும் இடத்தில் நின்றுவிடுங்கள். சண்டை போடாதீர்கள். அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை அப்படியே பிடித்திருந்தால் தசை கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், அப்போது இன்னும் ஒரு நூல் நகர்த்துங்கள். மூன்று நான்கு முறை செய்தால் போதும். தொடையின் பின்தசை, தொடையின் உட்பக்கத் தசை, இடுப்பின் முன்பக்கத் தசை இவையும் இதே தாளத்தில்தான். தினமும் செய்ய வேண்டும், ஞாயிற்றுக்கிழமை உட்பட.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ரெச்சிங் கொடுக்கும் இளக்கம் சில மணி நேரம்தான் நிற்கும். அதனால் எப்போது செய்கிறோம் என்பது முக்கியம்: காலையில் குளிப்பதற்கு முன்பு, ராத்திரி படுப்பதற்கு முன்பு. நாள் முழுக்கத் தசையை நீட்டி வைக்க, எழுந்து நிற்பதுதான் சிறந்த வழி. தாமாக நிற்க முடியாதவர்களுக்கு ஸ்டாண்டிங் ஃபிரேம் என்று ஒன்று இருக்கிறது, பட்டையால் கட்டி நிற்க வைக்கலாம். நிற்கும்போது சொந்த எடையே கெண்டைக்காலையும் இடுப்பையும் நீட்டிவிடும். முற்றிய எம்எஸ் உள்ளவர்களை வீட்டிலேயே வாரம் மூன்று முறை அரை மணி நேரம் இப்படி நிற்க வைத்து இங்கிலாந்தில் ஆய்வு செய்து 2019-இல் வெளியிட்டார்கள், அசைவுத் திறன் மேம்பட்டது.

நடப்பவர்கள் நடையை விடக் கூடாது. உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிள், நீச்சல், மெதுவான யோகா எல்லாம் நல்லதுதான். நீச்சலுக்குத் தண்ணீர் 27 முதல் 29 டிகிரி வரை இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு ஒத்துப்போகும்.

காலைத் தரையில் வைத்ததும் தானாகத் தட் தட்டென்று ஆடுகிறது. வலிப்பா?

வலிப்பு இல்லை, குளோனஸ். முன்பாதம் மட்டும் தரையிலோ வீல்சேரின் கால் தாங்கியிலோ அழுந்தி, குதிகால் தூக்கியபடி இருந்தால் கெண்டைத்தசை சுருங்கும், விடும், மறுபடி சுருங்கும். நிறுத்துவது சுலபம்: முழங்கால் மேல் கையை வைத்துக் கீழே அழுத்தி, குதிகாலை முழுசாகத் தரையில் பதியுங்கள். அடிக்கடி வருகிறதென்றால் கால் தாங்கியின் உயரத்தைச் சரிசெய்யுங்கள்.

ராத்திரி கால் வெட்டி இழுத்து அவரும் தூங்குவதில்லை, நானும் தூங்குவதில்லை. என்ன செய்யலாம்?

இழுப்பு இரண்டு விதம். ஒன்று, முழங்கால் மடங்கி வயிற்றுப் பக்கம் போவது. இன்னொன்று, கால் விறைத்து நேராக நீட்டிக்கொள்வது. காலையில் எழும்போது இது அதிகம், வீல்சேரிலிருந்து ஆளையே வழுக்கிக் கீழே தள்ளிவிடும். எது வந்தாலும் பலம் போட்டு எதிர்க்காதீர்கள். நீட்டிக்கொண்ட காலென்றால், ஒரு கையை முழங்காலுக்குப் பின்னால் கொடுத்து இடுப்பையும் முழங்காலையும் மெதுவாக மடக்கிப் பிடித்திருங்கள், அடங்கும்.

மல்லாக்கப் படுத்தால் நீட்டும் இழுப்பு கூடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேல் காலை மடக்கி, இரண்டு முழங்காலுக்கும் நடுவே ஒரு தலையணை வைத்துப் பாருங்கள், பல பேருக்கு இந்த ஒன்றே பாதித் தூக்கத்தைத் திருப்பித் தரும். பாதத்தின் மேல் கனமான போர்வை வேண்டாம். படுக்கும் முன்பு சிறுநீர்ப்பை காலியாக இருக்கட்டும். முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்து மல்லாக்கப் படுப்பது சுகமாகத்தான் இருக்கும், ஆனால் மாதக்கணக்கில் அப்படியே படுத்தால் முழங்கால் மடங்கியபடியே நின்றுவிடும், அதைப் பழக்கமாக்காதீர்கள்.

இதற்கும் அடங்காவிட்டால் டாக்டரிடம் "இரவு டோஸைக் கொஞ்சம் மாற்றலாமா?" என்று கேளுங்கள். பகலில் தொல்லையாக இருக்கும் மயக்கம் இரவில் உதவியாகிவிடும்.

எந்த மாத்திரையில் தொடங்குவார்கள்?

பெரும்பாலும் பேக்லோஃபென். சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனியில் 1962-இல் வலிப்பு நோய்க்கென்று உருவாக்கினார்கள், அதற்கு உதவவில்லை, தசை விறைப்புக்கு உதவியது. தண்டுவடத்தில் உள்ள அடக்கும் ஏற்பிகளை இது தூண்டிவிடுகிறது. வழக்கமாக 5 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை என்று தொடங்குவார்கள், 10 மில்லிகிராம் மாத்திரையில் பாதி. சில நாட்களுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். பொதுவான உச்சவரம்பு நாளைக்கு 80 மில்லிகிராம், ஆனால் பல பேர் அதற்கு வெகு முன்பே தூக்கக் கலக்கமும் தளர்ச்சியும் தாங்காமல் நின்றுவிடுவார்கள். உடம்பில் சில மணி நேரம்தான் தங்கும் என்பதால்தான் மூன்று நான்கு வேளை. காலையில் எழுவதுதான் சிரமம் என்றால், கண் விழித்ததும் படுக்கையிலேயே மாத்திரையைப் போட்டுக்கொண்டு அரை மணி முக்கால் மணி கழித்து எழ முடியுமா என்று டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

இது சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். கிரியேட்டினின் கூடியிருப்பவர்களுக்குச் சாதாரண அளவே விஷமாகலாம், குழப்பமாகப் பேசுவார்கள், எழுப்பினாலும் எழ மாட்டார்கள். சர்க்கரை நோயும் சேர்ந்தவர்கள் சிறுநீரகப் பரிசோதனை முடிவைக் கட்டாயம் காட்ட வேண்டும்.

மாத்திரை தீர்ந்துவிட்டது, தீபாவளி லீவு, நாலு நாள் கழித்து வாங்கிக்கொள்ளலாமா?

கூடாது. பேக்லோஃபெனைத் திடீரென்று நிறுத்தினால் விறைப்பு பல மடங்காகத் திரும்பி வரும், அதுகூடப் பரவாயில்லை, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிவது, வலிப்பு, கடும் காய்ச்சல் என்று ஆபத்தில் முடியலாம். விறைப்புக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான டிசானிடினைத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும். நிறுத்துவதானால் வாரக்கணக்கில் படிப்படியாகத்தான். வேறு ஏதாவது ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும் "வெறும் வயிறு" என்று எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடுவார்கள், இந்த ஒன்றைப் பற்றி மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

டிசானிடின் சாப்பிடுகிறார். சிறுநீர்த் தொற்றுக்கு சிப்ரோஃப்ளாக்சசின் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பிரச்சினை உண்டா?

பெரிய பிரச்சினை உண்டு. இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. டிசானிடினைக் கல்லீரலில் உடைக்கும் நொதியை சிப்ரோ முடக்கிவிடும், ரத்தத்தில் டிசானிடின் அளவு ஏறத்தாழ பத்து மடங்கு ஏறும், ரத்த அழுத்தம் விழும், ஆள் சுருண்டுவிடுவார். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளூவாக்சமின் இதைவிட மோசம். எம்எஸ்ஸில் சிறுநீர்த் தொற்று அடிக்கடி வரும், தெருமுனை கிளினிக்கில் சிப்ரோ சகஜமாக எழுதுவார்கள், அதனால் இந்த ஜோடி தற்செயலாக ஒரே கவரில் வந்து சேர நிறைய வாய்ப்பு இருக்கிறது. சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலை ஒரு தாளில் எழுதி மருந்துச் சீட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதை நீட்டுங்கள்.

மற்றபடி டிசானிடின் நல்ல மருந்துதான். 2 மில்லிகிராமில் தொடங்குவார்கள். பேக்லோஃபென் அளவுக்குத் தளர்ச்சி தராது என்று பலர் சொல்வார்கள், ஆனால் வாய் வறளும், தூக்கம் வரும், சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். கல்லீரல் பரிசோதனை அவ்வப்போது செய்ய வேண்டும்.

வேறு மாத்திரைகள்?

காபாபென்டின்: இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல் வெளியிடும் நைஸ் அமைப்பு, எம்எஸ் விறைப்புக்கு பேக்லோஃபென் ஒத்துவராவிட்டாலோ போதாவிட்டாலோ அடுத்ததாகச் சொல்லும் மருந்து, நரம்பு வலியும் இருப்பவர்களுக்கு ஒரே கல்லில் இரண்டு மாங்காய். டயாஸெபாம், குளோனாஸெபாம்: இரவு இழுப்புக்கு உதவும், பழக்கமாகிவிடும். டான்ட்ரோலின் தசையிலேயே வேலை செய்வது, கல்லீரலைப் பாதிக்கலாம், இப்போது அபூர்வமாகத்தான் கொடுக்கிறார்கள்.

மெடிக்கல் ஷாப்பில் போய் "மஸில் ரிலாக்ஸன்ட் கொடுங்கள்" என்று கேட்டால் தயோகால்சிகோசைடு, குளோர்ஸாக்ஸசோன் இவற்றில் ஒன்றை வலி மாத்திரையோடு சேர்த்துக் கொடுப்பார்கள். அவை முதுகுப் பிடிப்புக்கானவை. எம்எஸ் விறைப்புக்கு உரியவை இல்லை, கூடவே வரும் வலி மாத்திரை சிறுநீரகத்துக்கும் கேடு.

விறைப்பு எப்போதும் இல்லை. நாளைக்குப் பல முறை கையும் காலும் சில நொடிகள் முறுக்கி வலிக்கிறது, அப்புறம் ஒன்றுமே இல்லை.

இது வேறு கதை. டானிக் ஸ்பாஸம் என்பார்கள். சில நொடிகளிலிருந்து இரண்டு நிமிடம் வரை முறுக்கும், சில சமயம் ஓர் அசைவோ வேகமான மூச்சோ தூண்டிவிடும். இதற்கு கார்பமாசெபின் குறைந்த அளவிலேயே நன்றாகக் கேட்கும். எம்எஸ் போலவே தோன்றும் என்எம்ஓ என்ற நோயிலும் இது வரும், அந்த நோய்க்கு வைத்தியமே வேறு. அதனால் செல்போனில் வீடியோ எடுத்து நியூராலஜிஸ்டிடம் காட்டுங்கள்.

போட்டாக்ஸ் ஊசி முகச் சுருக்கத்துக்குத்தானே போடுவார்கள்?

அதே மருந்துதான். ஒன்றிரண்டு தசைகள் மட்டும் தொல்லை கொடுத்தால் இது அருமையான வழி: மூடியே இருக்கும் விரல்கள், உள்பக்கம் திரும்பும் பாதம், பிரிக்க முடியாத தொடைகள். ஊசி போட்ட தசை மட்டும் இளகும், உடம்பு முழுக்கத் தூக்கம் வராது. சில நாட்களில் வேலை தொடங்கி ஏறக்குறைய மூன்று மாதம் நிற்கும், பிறகு மறுபடி போட வேண்டும். செலவு கையைக் கடிக்கும். ஊசி போட்டுக்கொண்டு பயிற்சி செய்யாமல் படுத்திருந்தால் காசு தண்டம், ஏனென்றால் ஊசி திறந்து வைப்பது ஒரு வாய்ப்பை மட்டும்தான், அந்த மூன்று மாதத்தில் தசையை நீட்டுவதும், கை காலை நேராகப் பிடித்து வைக்கும் ஸ்ப்ளின்ட் போடுவதும் நம் வேலை.

வயிற்றில் பம்ப் வைப்பது என்கிறார்களே, அது என்ன?

மாத்திரை அளவைக் கூட்டக் கூட்ட மூளை மயங்குகிறது, விறைப்போ அடங்குவதில்லை என்ற நிலையில் இருப்பவர்களுக்கான வழி. வயிற்றுத் தோலுக்கு அடியில் உள்ளங்கையில் அடங்கும் ஒரு பம்பை வைத்து, மெல்லிய குழாய் வழியே தண்டுவடத்தைச் சுற்றியுள்ள திரவத்திலேயே பேக்லோஃபெனைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். நேரே போய்ச் சேர்வதால் மாத்திரையில் கொடுக்கும் மில்லிகிராம் கணக்குக்குப் பதில் மைக்ரோகிராம் கணக்கே போதும். 1984-இல் சிகாகோவில் ரிச்சர்ட் பென் குழுவினர் இதை முதலில் செய்து காட்டினார்கள், 1992-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பம்ப் வைக்கும் முன்பு முதுகில் ஒரு சோதனை ஊசி போட்டு, சில மணி நேரம் கால் எப்படி இளகுகிறது என்று பார்ப்பார்கள். அப்போதே நிற்கவும் மாறி உட்காரவும் முடிகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

சில மாதங்களுக்கு ஒருமுறை தோல் வழியே ஊசி குத்தி மருந்து நிரப்ப வேண்டும், பேட்டரிக்கும் ஆயுள் உண்டு. நிரப்பும் வசதி உள்ள ஆஸ்பத்திரி உங்கள் ஊரிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை முதலிலேயே யோசியுங்கள். குழாய் அடைத்தாலோ மருந்து தீர்ந்தாலோ அரிப்பு, காய்ச்சல், கடும் விறைப்பு, பிதற்றல் என்று வேகமாக முற்றும். உயிர் போகும் அவசரம் அது. எம்ஆர்ஐ எடுக்கும்போது பம்ப் தற்காலிகமாக நிற்கும், முடிந்ததும் ஓடுகிறதா என்று சரிபார்க்கச் சொல்லுங்கள்.

கஞ்சாவிலிருந்து எடுத்த ஸ்ப்ரே வேலை செய்யுமாமே?

நாபிக்சிமால்ஸ் என்ற வாய் ஸ்ப்ரே இங்கிலாந்தில் 2010-இலிருந்து இருக்கிறது. மற்ற மருந்துகள் பலிக்காதவர்களுக்கு நான்கு வாரம் கொடுத்துப் பார்த்து, அவர்கள் சொல்லும் விறைப்பு மதிப்பெண் 20 சதவீதமாவது குறைந்தால் மட்டும் தொடரலாம் என்பது அங்கே விதி. அமெரிக்காவில் இதற்கு அனுமதி இல்லை. இதைச் சாக்காக வைத்து யாராவது விற்கும் இலையையோ எண்ணெயையோ வாங்கிப் பயன்படுத்தாதீர்கள், சட்டச் சிக்கல் ஒரு பக்கம், அதில் என்ன எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்பது இன்னொரு பக்கம்.

எண்ணெய் தேய்த்து உருவிவிடலாமா? வெந்நீர் ஒத்தடம்?

மெதுவாக எண்ணெய் தடவி நீளவாக்கில் உருவுவது சுகம் தரும், தடை இல்லை. ஆழமாக அழுத்தி, வேகமாகத் தட்டி, நெட்டி முறிப்பது வேண்டாம். வேகமான இழுப்புக்குத் தசை என்ன செய்யும் என்று மேலே பார்த்தோம். கால் மரத்திருப்பவர்களுக்கு ஹாட் வாட்டர் பேக் வைத்து, தோல் வெந்து கொப்புளமான பிறகுதான் தெரிந்தது என்று வருபவர்கள் உண்டு. நீராவிக் குளியலும் வேண்டாம். எம்எஸ்ஸில் உடம்பு சூடேறினால் நரம்புச் செய்தி தடைபட்டு, உள்ள பலமும் போய்விடும். கத்திரி வெயிலில் வெளியே போனால் கழுத்தில் ஈரத் துண்டு, குளிப்பது வெதுவெதுப்பான தண்ணீரில். ஐஸ் தண்ணீரும் சிலருக்கு விறைப்பைக் கூட்டும்.

வீட்டில் என்ன மாற்ற வேண்டும்?

முதலில் கழிவறை. விறைத்த காலோடு குந்தி உட்கார்வதும் எழுவதும் விழுவதற்கு அழைப்பு. வெஸ்டர்ன் டாய்லெட் கட்ட வசதியில்லையென்றால் நடுவில் ஓட்டை உள்ள கமோட் நாற்காலியை இருக்கும் கழிவறையின் மேலேயே வைத்துக்கொள்ளலாம். பக்கத்துச் சுவரில் கைப்பிடி வேண்டும். பாயில் படுப்பவர்களைக் கட்டிலுக்கு மாற்றுங்கள், உட்கார்ந்தால் குதிகால் தரையில் படும் உயரத்தில். தரையில் சம்மணம் போட்டு உட்கார முடிகிறவர்கள் உட்காரலாம், தொடையின் உட்பக்கத்துக்கு அது நல்ல நீட்டல், ஆனால் எழுப்பிவிட ஆள் இருக்க வேண்டும். வீல்சேர் அவர் அளவுக்கு இருக்கட்டும், யாரோ கொடுத்த பெரிய நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தால் விறைப்பு கூடத்தான் செய்யும்.

கவனித்துக்கொள்ளும் உங்களுக்கு ஒன்று: விறைப்போடு இருக்கும்போது தூக்காதீர்கள். அடங்கட்டும், அப்புறம் தூக்கலாம். உங்கள் முதுகு போய்விட்டால் அந்த வீட்டில் அடுத்த ஆள் யார்?

அரசு சலுகை ஏதாவது உண்டா?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் எம்எஸ்ஸைப் பெயர் சொல்லியே பட்டியலில் சேர்த்திருக்கிறது. மருத்துவக் குழு 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு என்று சான்று கொடுத்தால் பெரும்பாலான சலுகைகளுக்குத் தகுதி வரும், யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். இந்திய மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் சங்கத்துக்குச் சென்னையில் கிளை இருக்கிறது, இதே பாதையில் போகிறவர்களைச் சந்திக்கலாம்.

டாக்டரிடம் போகும்போது எதைச் சொல்வது? அங்கே போனால் கால் நன்றாக இருக்கிறது, வீட்டுக்கு வந்தால்தான் இந்தக் கூத்து.

எல்லா வீட்டிலும் இதுதான். டாக்டர் காலை மடக்கி நீட்டி, இறுக்கத்தை 0 முதல் 4 வரை ஒரு எண்ணாகக் குறிப்பார். ஆஷ்வொர்த் அளவுகோல் என்று பெயர். அது அந்த நிமிடத்துக் காலின் கணக்கு. காலை பத்து மணிக்கு இருக்கும் கால் வேறு, நடுராத்திரி கால் வேறு. அதனால் போவதற்கு முந்தைய வாரம் ஒரு நோட்டில் குறியுங்கள்: எத்தனை மணிக்கு இழுக்கிறது, எத்தனை முறை எழுந்தார், மாத்திரை போட்டு எவ்வளவு நேரத்தில் இளகுகிறது, எப்போது மறுபடி இறுகுகிறது. 0 என்றால் விறைப்பே இல்லை, 10 என்றால் தாங்கவே முடியாது என்று வைத்து அவரையே தினமும் ஓர் எண் சொல்லச் சொல்லுங்கள். இரவு இழுப்பையும், அவர் கட்டிலிலிருந்து எழுந்து நிற்பதையும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு நிமிடம் போதும். சிறுநீர், மலம், தோல் மூன்றையும் பார்த்தாயிற்றா என்று அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டால், கிடைக்கும் பத்து நிமிடத்தையும் மருந்தைப் பற்றிப் பேசப் பயன்படுத்தலாம்.